வலியை நிறுத்தியவன்

சேவியரின் கால்களைக் கெடுத்தவன் நான். ஊரில் எல்லோரும் கடலைச் சொல்கிறார்கள். அவனுடைய மனைவி றீற்றாவும் கடலைத்தான் திட்டுகிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு ஓரிடத்திலும் நிலைத்ததில்லை. தம்பலகாமத்தில் உழவு மெசின் ஓட்டினேன். துறைமுகத்தில் மாவு மூட்டை சுமந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டபோது, திருகோணமலை நகரில் ஒரு மருந்துக்கடையில் பெட்டி உடைத்து அடுக்கும் வேலை கிடைத்தது. படுக்க இடம் கிடைத்தால் படுப்பேன். இல்லாவிட்டால் நடப்பேன். அவ்வளவுதான்.

அந்தக் கடையில்தான் குளிசைகளைப் படித்தேன். வலிக்கு ஒரு தட்டு, பிறஷருக்கு ஒரு தட்டு, சீனி வருத்தத்துக்கு, வயிற்றெரிவுக்கு, கிருமியைக் கொல்வதற்கு... டொக்டர்மார் எழுதும் துண்டுகளையும் வாசிக்கப் பழகினேன். மானே என்றால் காலையில். நொக்டே என்றால் இரவில். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், டி.டி.எஸ். என்றால் மூன்று. பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாசிக்கத் தெரியாத எனக்கு இது வாசிக்க வந்தது! அந்தச் சந்தோசம் உங்களுக்கு விளங்குமா?

அங்கும் நிலைக்கவில்லை. இறக்கக்கண்டிக்குப் போய், கடலட்டை பிடிக்கும் படகொன்றில் சேர்ந்தேன். சுழியோடிகள் காற்றுச் சிலிண்டரோடு இறங்குவார்கள். நான் மேலே நின்று சிலிண்டர் மாற்றிக் கொடுப்பேன். அவர்களில் மிக ஆழத்துக்குப் போகிறவன் சேவியர்.

ஆழத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு மூட்டு நோகும். நொந்தால் ஒரு வலிக்குளிசையைப் போட்டுவிட்டு மறுபடி இறங்குவது அங்கே வழக்கம். நான் போன பிறகு, அந்தக் குளிசையைக் கொடுக்கிறவன் நான் ஆனேன்.

“டொக்டர், தோள்மூட்டு கழண்டு விழப்போகுது. உன்ர பையில என்ன கிடக்கு?” என்று சேவியர் கேட்பான்.

“முதல்ல வாயை மூடு. நோயாளி கதைக்கக்கூடாது.”

“இஞ்ச பாருங்கோடா, எட்டாம் வகுப்பு டொக்டரின்ர எடுப்பை!” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும்! அந்தப் பெயர் எனக்கு இனித்தது. அதுவரை என்னை ‘டேய்’ என்பதைத் தவிர வேறெப்படியும் எவரும் கூப்பிட்டதில்லை.

பிறகு சாதாரணக் குளிசை சேவியருக்குக் கேட்கவில்லை. தோளிலிருந்து முழங்காலுக்கும் நோ இறங்கியது. அப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு துண்டில் நானே மருந்து எழுதினேன். வலிக்கு டைக்ளோபினாக், பி.டி., பி.சி. வீக்கத்துக்குப் பிரெட்னிசலோன், மானே. வயிற்றைக் காக்க ஒமெபிரசோல். அடியில் டொக்டரின் கையெழுத்துப் போல ஒரு கிறுக்கல்... என்னைத் தெரியாத ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மருந்து கைக்கு வந்தது.

வலி நின்றது. அற்புதமாக நின்றது!

இதன் விளைவு எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியும். முன்பு நான் வேலை செய்த நகரத்துக் கடையில் முதலாளியம்மா ஒருநாள் ஒரு சுழியோடிக்கு வலிக்குளிசை கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்: “தம்பி, அது சும்மா மூட்டு நோ இல்லை. ஆழத்தில இழுத்த காற்று உடம்புக்குள்ள குமிழாய் நிக்குது. நோவை அமத்திப்போட்டுத் திரும்ப இறங்கினால் முள்ளந்தண்டில பிடிச்சிடும். அவையள் ஆசுபத்திரிக்குத்தான் போகவேணும்.”

கேட்டேன். மறக்கவும் இல்லை.

வலி நின்றதற்கு அடுத்த நாள் காலையில் படகில் வைத்துச் சேவியர் தோளைச் சுழற்றிக் காட்டினான். “பார் டொக்டர், ஒரு நோவும் இல்லை. இறங்கட்டோ?”

“இறங்கு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இறங்காதே என்றால், ஆசுபத்திரிக்குப் போ என்றும் சொல்லவேண்டும். ஆசுபத்திரியில் உண்மையான டொக்டர் இருப்பார். அதற்குப் பிறகு படகில் நான் யார்? இவ்வளவு சின்னக் காரணம்தான். இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன்... கிடைக்கவில்லை.

மேலே வந்தவன் படகின் விளிம்பில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தான். பிறகு தொடையில் கையால் தட்டினான். இன்னொரு தரம் தட்டினான்.

“மச்சான், கால் எங்க போட்டுது?”

பகிடி என்று நினைத்துச் சிரித்தோம்.

ஆசுபத்திரியில் அவனுடைய முகத்தில் ஒட்சிசன் மூடியைப் போட்டிருந்தார்கள். அவனால் கதைக்க ஏலாது. டொக்டர் என் பக்கம் திரும்பினார். “இதுக்கு முதல் நோ இருந்ததோ? எப்பயிலயிருந்து? மருந்து ஏதும் போட்டவரோ?”

“தெரியாது, டொக்டர்” என்றேன்.

சேவியரின் கண் என் பக்கம் திரும்பியதா, இல்லையா? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குமிழைக் கரைக்கக் காற்றழுத்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் திரும்பியிருக்குமா? யாரிடம் கேட்பேன்? கேட்டால் சொல்லவேண்டி வருமே!

எங்கும் நிலைக்காத நான் இறக்கக்கண்டியை விட்டுப் போகவில்லை. அன்பு என்று எண்ணிவிடாதீர்கள். நான் போய்விட்டால் யாராவது யோசிக்கத் தொடங்குவார்கள் என்ற பயம்.

கிளினிக் போய்வந்தால் றீற்றா மருந்துகளை என் முன்னால் கொட்டுவாள். “அண்ணா, ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. உங்களை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

வாசிப்பேன். கால் தசை இழுப்புக்குப் பக்லோபன், டி.டி.எஸ். மலம் இளகுவதற்கு ஒரு பாணி, நொக்டே. சலத்தில் கிருமி பிடித்தால் அதற்கொன்று, பி.டி. ஒரு பிழையும் விடாமல் சொல்வேன். அவள் அப்படியே கொடுப்பாள்.

போன கிழமை அவனுடைய குதிக்காலில் ஒரு புண்ணை றீற்றா கழுவிக்கொண்டிருந்தாள். படுத்தே கிடப்பதால் வந்த புண். எலும்பு தெரிந்தது. பஞ்சு உள்ளே போனபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நோகுதோடா?”

சேவியர் சிரித்தான். “நோவோ? இப்ப குளிசை போடாமலே நோ இல்லை, டொக்டர்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ” என்று றீற்றா அதட்டினாள்.

அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

நானும் சிரித்தேன்.