ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெறலாம் என்று உத்தரவு வந்தது, அவரை அடக்கம் பண்ணி எட்டு மாதம் கழித்து. உறையை வாசலிலேயே நின்று பிரித்தேன். 'அன்னார் ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்' என்று ஒரு வரி. "அடப்பாவிங்களா, மனுஷன் எப்பவோ போய்ச் சேந்துட்டாரு. இப்ப இன்னா அனுமதி?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். தபால்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் என்ன தப்பு, பாவம்.

நாங்கள் இருப்பது படப்பையில். அவர் ஒரகடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வி.ஏ.ஓ. கம்பெனிகள் வந்த பிறகு அந்த ஊருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் ஓர் அறைக்கு எட்டுப் பேராக வந்து இறங்கினார்கள். சிலிண்டர் வாங்க, பேங்க்கில் கணக்குத் தொடங்க, 'இவர் இந்த ஊரில் குடியிருக்கிறார்' என்று அவர்களுக்கு வி.ஏ.ஓ. எழுதித் தர வேண்டும். ஷிப்ட் முடிந்து அவர்கள் வருகிற நேரத்தில் இவர் தாலுகா ஆபீஸில் இருப்பார். இவர் இருக்கிற நேரத்தில் அவர்கள் கம்பெனி லைனில் வேலையில் நிற்பார்கள்.

அதற்கு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பத்து இருபதாக ஆபீஸ் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரர் ஆதாரைப் பார்த்து மேலே எழுதிக் கொடுப்பார். இதற்காக இவர் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. பைபிள்மேல் கை வைத்துச் சொல்வேன்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஏங்க, வெறும் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வர்றீங்களே, எவனாவது எதையாவது எழுதிக்கினா இன்னா பண்ணுவீங்க?" என்று தினமும் கத்துவேன்.

"அட, போம்மா. என்னைப் பாக்க ஒரு நாள் லீவு போட்டா அந்தப் பசங்களுக்குச் சம்பளம் கட். பாவமா இல்ல உனக்கு?" என்பார்.

எழுதிக்கொண்டார்கள். யாருடைய நிலமோ வேறு யாருடைய அனுபவத்திலோ இருக்கிறது என்று அதில் ஒரு தாள் சொன்னது. அதை வைத்து நிலம் கைமாறியது. சொந்தக்காரர் போலீஸுக்குப் போனார். கையெழுத்தும் இவருடையது, முத்திரையும் இவருடையது. ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைக் காலி பண்ணிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார். ஆறு பேர்மேல் மோசடி வழக்கு, அதில் நாலாவது பெயர் இவர்.

வழக்கில் பெயர் இருந்தால் ரிட்டயர் ஆகிற நாளன்றே சஸ்பெண்ட் செய்வது அப்போது ஒரு வழக்கம். ஓய்வு கொடுத்துவிட்டால் பிடி நழுவிவிடுமாம். அது இவருக்கும் தெரியும். ஆனாலும், "என்னைப் பத்தி மேல இருக்கறவங்களுக்குத் தெரியும், எனக்கு அப்படிப் பண்ண மாட்டாங்க" என்று புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, தாலுகா ஆபீஸில் வைத்த வழியனுப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிப்போனார். பிரியாணி வந்தாயிற்று, மாலை வந்தாயிற்று, மேஜைமேல் பரிசாகக் கொடுக்கச் சுவர்க் கடிகாரம். ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது உத்தரவு வந்தது. ஓய்வு பெற அனுமதி இல்லை, தற்காலிகப் பணிநீக்கம்.

சஸ்பெண்ட் ஆனவருக்கு மாலை போடலாமா கூடாதா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடிகாரத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பிரியாணியை மட்டும் எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். இவர் சட்டையில் கறை படாமல் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் நாலு வருஷம். அரிசி பருப்புக்குக் காணும்படி ஏதோ ஒரு தற்காலிக ஓய்வூதியம் வந்தது. மற்றதெல்லாம் தீர்ப்புக்குப் பிறகுதான். விடுதலை என்றால் எல்லாம் வரும். தண்டனை என்றால் டிஸ்மிஸ், இந்தத் தற்காலிகமும் நிற்கும்; அவருக்கும் இல்லை, அவருக்குப் பின்னால் எனக்கும் இல்லை. எனக்கு அந்தப் பயம்தான் ராத்திரி பகலாக. பிள்ளை குட்டி இல்லாதவள், யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

அவருக்கு வேறு கவலை. எங்கள் சபையில் இருபது வருஷம் பெஞ்ச் பெஞ்சாகக் காணிக்கைப் பை ஏந்திப் போனவர் அவர். சஸ்பெண்ட் ஆன அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் தோளில் கை போட்டு, "கேஸ் முடியட்டும் பிரதர், அதுவரைக்கும் ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்றிலிருந்து கடைசி பெஞ்ச். பை தன் எதிரே வரும்போது தலையைக் குனிந்துகொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பென்ஷன் வருதோ இல்லியோ, அந்த ஜட்ஜு வாயால 'இந்தாளு குத்தவாளி இல்ல'ன்னு ஒரு வார்த்தை வரணும். நான் இல்லன்னா கூட நீ போய்க் கேட்டு வாங்கு" என்பார். சரி என்று சொல்லியிருந்தேன். எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கே இல்லை.

கடைசியில் தீர்ப்புக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்குப் பதினோரு நாள் முன்னால், காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. அதை என் முந்தானையால் துடைத்தேன்.

தீர்ப்பு நாளன்று இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் உள்ளே வேறு கேஸில் இருந்தார். அவருடைய குமாஸ்தாதான் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாதம்மா. செத்தவங்க மேல கேஸ் நிக்காது, அவரு பேருல இருக்கறதை இன்னியோட மூடிடுவாங்க. சஸ்பெண்டை ரத்து பண்ணி ரிட்டயர் ஆனதா ஆர்டர் போட்ருவாங்க. உனுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துடும்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம். நாலு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் அந்த வராந்தாவில் இறங்கியது. அப்புறம்தான் அவர் ஞாபகம் வந்தது.

"அவரு குத்தவாளி இல்லன்னு ஜட்ஜு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? நான் உள்ள போய்க் கேக்கட்டுமா?" என்றேன்.

குமாஸ்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னாம்மா நீ, தானா மூடுற கேஸை ஏன் கெளர்ற? மனு போட்டுக் கேக்கலாம். தரமாட்டாங்க, ஆனா இழுக்கும். அது முடியற வரிக்கும் பென்ஷன் ஃபைல் நவுராது. வேணுமா?"

இறப்புச் சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரு தாளை நோட்டுமேல் வைத்து நீட்டினார். "அடியில ஒரு கையெழுத்து போடு. கேஸை முடிச்சிக்கச் சொல்லி மேல நான் டைப் அடிச்சிக்கிறேன்."

வெள்ளைத் தாள். அதில் ஓர் எழுத்து இல்லை. தினமும் அவரிடம் கத்தியவள் நான்தான். பேனாவை வாங்கினேன், நின்றபடி போட்டால் கோணலாக வரும் என்று பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

ஊர்ப் பிள்ளைகளுக்காக அவர் போட்ட கையெழுத்துகளில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் போட்ட ஒன்றுக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது.