கழுத்துக்கு நெட்டி எடுத்த கை

தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. “மூச்ச விடுங்க சார்” என்று சொல்லிச் சடக்கென்று திருப்பினேன். சலூன்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? கட்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசியில் கழுத்துக்கு நெட்டி எடுக்காவிட்டால் ஆள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார்.

அருள்தாஸ் சார் எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வில்லாபுரத்தில் நான் கடை போட்ட நாளிலிருந்து வருகிறார்.

“தலையில இருந்த பாரம் அம்புட்டும் இறங்கிருச்சுப்பா.”

கை நழுவியது

அடுத்த முறை, படித்துக்கொண்டிருந்த பேப்பர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. முந்தின நாள் இடது கண்ணில் ஷட்டர் இறக்கியதுபோல இருட்டாகி, பிறகு தெளிந்ததாம். கழுத்து நரம்பு பிடித்திருக்கிறது என்றேன். எண்ணெய் வைத்துக் கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்தி நீவி, நெட்டி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை சரியானது. பெருமையை நானே எடுத்துக்கொண்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஆயிரத்தெட்டு டெஸ்ட் எழுதிருப்பான். நீ உக்கார வச்சே சரி பண்ணிட்டியே!”

டாக்டர் போட்ட படம்

மூன்றாம் நாள் விழுந்துவிட்டார். பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு படிந்து, நூல் நுழைகிற அளவுக்கு வழி சுருங்கியிருந்தது. அங்கிருந்து பிய்ந்து போகிற துணுக்குகள் மேலே அடைக்கும். அடைப்பு கரைந்தால் கண்ணும் கையும் தெளியும். தெளிந்துவிட்டதே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்க வேண்டுமாம்.

கழுத்தை நீவினால் பிய்யுமா என்று கேட்டேன். “அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது” என்றார். வெளியே வராந்தாவில் சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தை நீவியதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

“ஒங்க கடைக்கு வந்தா மட்டுந்தான் தம்பி, மனுசன் தெம்பா வீட்டுக்கு வருவாரு.”

நிறுத்தியது

அதோடு நெட்டி எடுப்பதை விட்டேன். ஆட்டோ ஓட்டுகிற பாண்டி கட்டிங் முடிந்தும் கழுத்தை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். காரணம் சொன்னேன். சிரித்தான்.

“எண்ணே, ஏங் கழுத்துல ரத்தம் ஓடுதா இல்லையான்னு ஏம் பொண்டாட்டியே கவலப்படல. நீ எடுண்ணே!”

வீட்டில்

இன்னொரு முறை அடைக்காமலிருக்க, சாரின் கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்து தைத்திருந்தார்கள். போன பேச்சு திரும்பவில்லை. சவரம் செய்ய வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். தழும்பை ஒதுக்கிக் கத்தியை ஓட்டினேன். முடிந்ததும் சார் தன் இடது கையால் என் கையை இழுத்துத் தாடையில் வைத்தார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் வந்தது.

“எடு... எடு...”

நம் தொழிலில் கெட்ட பெயரைத் துடைத்துவிடலாம், நல்ல பெயரிலிருந்துதான் தப்ப முடியாது.

தாடையிலிருந்த நுரையைத் துடைத்தேன். தழும்பு மறையும்படி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டேன்.