சூரியக் காரில் காய்ந்த மிளகு

எங்கள் மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் வெயில் படுகிற சமதளம் எதுவும் சும்மா கிடக்காது. களம், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று எங்கே பார்த்தாலும் காப்பியோ மிளகோ காயும். இது நன்றாகத் தெரிந்த என்னைத்தான் சூரியக் காருக்குக் காவல் வைத்தார்கள்.

சேலத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மாணவிகள் கட்டிய கார். மேலே முழுக்கச் சூரியத் தகடு. நெடுந்தூரப் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. கல்லூரி முதல்வர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வெயிலில் ஏறிய சார்ஜை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று மணிக்குள் கொட்டச்சேட்டிலிருந்து ஒண்டிக்கடை சந்திப்புக்கு வந்து சேர்ந்தால் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் கார் கல்லூரி வாசலில் காட்சிப் பொருள்.

சார்ஜ் ஏற்ற என் வீட்டுக் களத்தைக் கொடுத்தேன். பதிலுக்குப் பக்கத்து சீட் எனக்கு என்றார்கள். உடனே சூரியசக்தி பற்றித் தடித்த புத்தகம் ஒன்றைப் படிக்க ஆரம்பித்தேன். ஒண்டிக்கடையில் இறங்கும்போது கையை எப்படி அசைப்பது என்றும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டேன்.

அன்று காலை மாணவிகள் ரோட்டுக் குழிகளைப் பார்த்துவரப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா முறத்தில் மிளகோடு வந்தார்.

“ஏனுங்க, களத்துல பாதிய இது அடைச்சுக்கிச்சே. இது மேலயே ஓரமாக் கொட்டிக்கட்டுங்களா? நொம்ப இல்லீங்க, ஒரு முறந்தான்.”

ஒரு மூலையை மூடினால் ஒரு மூலை சார்ஜ்தானே போகும்? “கொட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டேன்.

மதியம் திரும்பி வந்த குழுத் தலைவி மீட்டரைப் பார்த்து அலறினாள். “பாதிகூட ஏறலியே! இது என்ன சார்?”

“மிளகும்மா. மூலையிலதான்.”

“மூலைய மூடினா அந்த வரிசையே படுத்துக்கும் சார். புக்ல போடலியா?”

அது பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது. நான் பத்தில் இருந்தேன்.

“எனக்கென்ன கண்ணு தெரியும்?” என்றார் அந்த அம்மா, மிளகை வழித்துக்கொண்டே. “படிச்சவராச்சேன்னு இவரைத்தான் கேட்டேன்.”

இருந்த சார்ஜோடு கிளம்பினோம். தலைவி ஓட்டினாள். சமதளத்தில் சமத்தாக வந்த கார், ஒண்டிக்கடைக்கு முந்தைய ஏற்றத்தில் முனக ஆரம்பித்தது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தலைவி மீட்டரைப் பார்த்தாள், என் தொப்பையைப் பார்த்தாள், மறுபடி மீட்டரைப் பார்த்தாள்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க...”

“புரியுதும்மா” என்று இறங்கிக்கொண்டேன். ஒரு இடத்தை விட்டு நான் கிளம்பியதால் இவ்வளவு சீக்கிரம் நல்லது நடந்தது அதுதான் முதல் தடவை. கார் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக ஏறிப் போய் வளைவில் மறைந்தது.

பஸ் என் பக்கத்தில் நின்றது. “ஏனுங்க, தள்ளிவுட்டுட்டாங்களா?” என்றார் கண்டக்டர். டிக்கெட்டுக்குக் காசை நீட்டியபடி ஏறிக்கொண்டேன்.

ஒண்டிக்கடையில் மூன்றடிக்க ஐந்து நிமிஷம். கார் முன்பே வந்து நின்றிருந்தது. மாணவிகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் காகிதத்தை வைத்து முதல்வர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் காரை ஒட்டி நின்று, ஒத்திகை பார்த்தபடியே கையை அசைத்தேன்.

“சார், கொஞ்சம் அந்தப் பக்கம்” என்றாள் தலைவி. “தகட்டுல உங்க நிழல் விழுது.”