சாயும் ரயிலும் எங்கள் அண்ணையும்

எங்கள் குடும்பத்தின் மூத்தவர், எங்கள் அண்ணை, எங்களை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருப்பவர்களில் பலர், அவருடைய இல்ஃபோர்ட் வீட்டு முன்னறையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் குடித்தவர்கள். ஏன் காலைத் தூக்க வேண்டியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கடைசித் தங்கை என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். வெறும் புகழ்ச்சியாக எழுத எனக்கு வராது. எழுதினாலும் அண்ணைக்குப் பிடிக்காது.

அண்ணை பிறந்தது கொக்குவிலில். வீட்டுக்குப் பக்கத்தால் ரயில் போனது, அதனால்தான் அவருக்கு இந்த ரயில் பைத்தியம் பிடித்தது என்று செத்தவீட்டில் ஒரு மாமா வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மன்னிக்க வேண்டும், அது சரியில்லை. அந்த ரயிலைப் பற்றி அண்ணையின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. பிந்தி வரும், உடுப்பெல்லாம் கரியாக்கும் என்றுதான் சொல்லுவார். அவருக்கு அப்போது ஆசைப்பட நேரமும் இருக்கவில்லை. ஐயா நேரகாலத்தோடு கண்ணை மூடிவிட்டார். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு அண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதப் போய், எங்கள் எல்லாரையும் படிப்பித்தார். எடுத்த காரியத்தை விடமாட்டார். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வேலியில் இருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சைக்கிள் பாரில் ஏற்றியவர் அவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்கவென்று லண்டன் வந்தார். வால்தம்ஸ்டோவில் ஓர் அறை, பகலில் வகுப்பு, மற்ற நேரம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். ஊரில் நிலைமை கெட்டதும் திரும்பிப் போக முடியாமல் போயிற்று. விசாவுக்காகக் குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு நடையாய் நடந்தார். அந்த நாட்களில்தான், பெற்றோல் நிலையத்தில் விற்காமல் மிஞ்சிய ஒரு பத்திரிகையில் அந்த ரயிலின் படத்தைக் கண்டார்.

அது இந்த நாட்டு எஞ்சினியர்கள் பல வருடம் பாடுபட்டுச் செய்த அதிவேகச் சோதனை ரயில். வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்காது. சைக்கிள் ஓடுகிறவர் திருப்பத்தில் உடம்பைச் சரிப்பதுபோல, பெட்டிகள் தாமாகவே உள்பக்கம் சாயும். ஆட்களை ஏற்றி ஓடத் தொடங்கியதும் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. பழுதாகி நிற்கிறது என்றார்கள், தலை சுற்றுகிறது என்றார்கள். கடைசியில் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தன்னைத்தான் யாரோ சபையில் வைத்து அவமானப்படுத்தியதுபோல அண்ணைக்குச் சூடேறும்.

"அதுக்கு ஓடத் தெரியாமல் இல்லை. இவங்களுக்குப் பொறுமை இல்லை," என்பார். "பொறுத்திருந்தா ஓடியிருக்கும்."

விசா கிடைத்தது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. மச்சாளைக் கைப்பிடித்து இல்ஃபோர்ட்டில் வீடு வாங்கினார். நானும் லண்டன் வந்து, எனக்குக் கலியாணம் ஆகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். எனவே இனி எழுதுவதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

நம்மவர் வீட்டு ஷோகேஸில் என்ன இருக்கும்? கலியாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணங்கள், பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகள். அண்ணை வீட்டில் கிண்ணங்களெல்லாம் குசினிக்குப் போய்விட்டன. ஷோகேஸில் ரயில்கள் இருந்தன. அதிலும் ஒழுங்காக ஓடிப் பேர் வாங்கிய ரயில் ஒன்றுகூடக் கிடையாது. விமான எஞ்சின் பூட்டிய பிரெஞ்சு ரயில், காந்தத்தில் மிதக்கும் ஜப்பான் ரயில், காற்று மெத்தையில் போன ஏதோ ஒன்று. எல்லாம் சோதனை ஓட்டத்துக்கென்றே கட்டப்பட்டவற்றின் மாதிரிகள். சிலவற்றைப் பழைய சாமான் சந்தைகளில் தேடிப் பிடித்தார். கிடைக்காதவற்றை அட்டையிலும் தகரத்திலும் தானே செய்தார். பிள்ளைக்கு விளையாடவோ என்று கேட்ட உறவினர்களுக்கு அவர் பதில் சொன்னதேயில்லை. மகள் அந்த அலுமாரியைத் தொட்டால் நடக்கும் கதை அவளுக்குத்தான் தெரியும்.

ஏன் இப்படித் தோற்றுப்போனதாகப் பார்த்துச் சேர்க்கிறீர்கள் என்று நான் ஒருநாள் நேரே கேட்டேன்.

"ஓடினதுகளை எல்லாரும் செய்வினம்," என்றார். "இதுகளை ஆர் செய்யிறது?"

ஆனால் அவருடைய உயிர் அந்தச் சாயும் ரயிலில்தான் இருந்தது. அதை ஷோகேஸில் வைக்கும் பொம்மையாகச் செய்ய அவர் விரும்பவில்லை. உண்மையான ரயிலைப்போல அது வளைவில் சாயவேண்டும், சாய்ந்தும் விழாமல் ஓடவேண்டும், அதை நாலு பேர் பார்க்கவேண்டும். இந்த ஒன்றைப் பிடித்தார், கடைசிவரைக்கும் விடவில்லை. முன்னறையில் செற்றி நாற்காலிகளைச் சுற்றித் தண்டவாளம் போட்டார். வந்தவர்கள் காலைத் தூக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

முதலில் பேனை ஸ்பிரிங்குகளை வைத்துப் பார்த்தார். ரயில் வெளிப்பக்கம் சாய்ந்து ஒரு பெரியம்மாவின் மடியில் விழுந்தது. பிறகு ஈயக் குண்டுகளைக் கட்டினார், பெட்டிகள் நகரவே மறுத்தன. பிறகு குட்டி மோட்டார்கள் வந்தன. அதில் ஒரு பெட்டி வலப்பக்கமும் அடுத்தது இடப்பக்கமும் சரிந்து, குடித்த வெறிகாரர் கூட்டம்போலப் போயிற்று. நாங்கள் வயிறு வெடிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடியும் தொடங்கினார். கடைசியில் மச்சாளின் கொண்டை ஊசிகள் காணாமல் போகத் தொடங்கின. வளைவில் தண்டவாளத்தோடு சில்லுகள் திரும்பும்போது அடியில் இருக்கும் கொண்டை ஊசி பெட்டியைத் தள்ளி உள்பக்கம் சாய்க்கும். அதுதான் சரிவந்த வழி.

எங்கள் பகுதி மாதிரி ரயில் சங்கத்தில் அண்ணை ஒருவர்தான் தமிழர். மற்றவர்கள் நீராவி ரயில் செய்யும் வெள்ளைக்கார ஐயாமார். சங்கத்தின் செயலாளர் கென் என்பவர் அண்ணையின் நெருங்கிய நண்பர். ஆண்டுதோறும் வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவர்களுடைய கண்காட்சி நடக்கும். முதல் முறை கொண்டுபோனபோது ரயில் முதல் வளைவிலேயே நிலத்தில் விழுந்து மூக்கு உடைந்தது. உண்மையான ரயிலும் இப்படித்தானே என்று யாரோ பகிடி விட்டார்கள். அண்ணை துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "அடுத்த வருசம்," என்றார். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதையே சொல்லவேண்டி வந்தது.

பிறகு மாரடைப்பு வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் பாரம் தூக்கக்கூடாது, பதறக்கூடாது என்றார்கள். படுக்கையில் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைத்தார். மச்சாள் பேசிப் பார்த்தார், நான் கத்திப் பார்த்தேன். இரண்டும் பலிக்கவில்லை. போன இலையுதிர் காலத்துக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அன்று நடந்ததை எழுதலாமோ என்று மச்சாளிடம் கேட்டேன். "எழுதும், எல்லாருக்கும் தெரியட்டும்," என்றார். எழுதுகிறேன்.

கண்காட்சி அன்று காலை, அண்ணை குளித்துக்கொண்டிருந்த நேரம் மச்சாள் ரயிலைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். புது வாகனம் வாங்கினால் நாங்கள் எல்லாரும் என்ன செய்வோம்? அதைத்தான் அவரும் செய்தார். சில்லுக்கு அடியில் வைத்து நசுக்கும் தேசிக்காய் ரயிலைவிட உயரமாக இருந்ததால் அதை விட்டுவிட்டார். நெருப்புக்குச்சியைச் சந்தனத்தில் தொட்டு, ஒரு சில்லையும் தவறவிடாமல் பொட்டு வைத்தார். பெட்டி பெட்டியாகப் பஞ்சில் சுற்றியும் வைத்தார். அண்ணைக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது.

மண்டபம் நிறைந்த சனம். அண்ணை ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டு விசையைத் திருப்பினார். ரயில் அசையவில்லை. வயரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், திரும்பவும் திருப்பினார். சுற்றி நின்றவர்கள் மெல்ல மெல்ல அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். அண்ணையின் முகம் வெளிறி வேர்த்தது. கென் ஓடிவந்து கதிரை போட்டு, உடம்பைக் கெடுக்காதே, அடுத்த வருடம் பார்ப்போம் என்று தோளைப் பிடித்தார்.

அண்ணை என்னையும் மச்சாளையும் பார்த்துத் தமிழில் சொன்னார். "அடுத்த வருசம் எண்டு சொல்ல எனக்கு இனி ஏலாது. இண்டைக்கு ஓடும்."

ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தரச் சொன்னார். இரண்டாவது பெட்டியைப் புரட்டியபோதுதான் சில்லுகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடப்பதைக் கண்டேன். மணந்து பார்த்தேன், சந்தனம். நிமிர்ந்து மச்சாளைப் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ... நான்தான். நல்லா ஓடவேணுமெண்டு சில்லுக்கும் வைச்சுப்போட்டன்."

அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்.

"தண்டவாளத்தில இருந்து சில்லுக்குள்ளாலதான் கரண்ட் ஏறவேணும். சந்தனம் அதை விடாது," என்றார். "அழாதையும். வாரும், ரெண்டு பேருமாத் துடைப்பம்."

மச்சாளின் கைப்பையில் ஒடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் இருந்தது. பஞ்சில் அதைத் தொட்டு இருவரும் ஒரே மேசையில் குனிந்திருந்து ஒவ்வொரு சில்லாகத் துடைத்தார்கள். ஆங்கிலேய ஐயாமார் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த மூலை முழுக்கக் கோயில் வாசம் வந்தது.

மறுபடியும் விசையைத் திருப்பினார். ரயில் புறப்பட்டது. நேர்ப்பாதையில் வேகம் எடுத்தது. வளைவு வந்ததும் முன்பெட்டி சாய்ந்தது, பின்னால் வந்த பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. வளைவு முடிய எல்லாம் நிமிர்ந்தன. ஒன்றும் விழவில்லை. போன சனமெல்லாம் திரும்பி வந்தது. கென் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மண்டபம் பூட்டும்வரை அந்த ரயில் சுற்றிச் சுற்றி ஓடியது.

"பாத்தியே?" என்றார் அண்ணை என்னிடம். "பொறுத்திருந்தா ஓடும்." பிறகு மச்சாளிடம், "அடுத்தமுறை மூக்கில மட்டும் வையும்," என்றார்.

இந்தக் கோடையில் மீண்டும் நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மச்சாளும் மகளும் நாங்களும் பக்கத்தில் இருக்க அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். என்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்த கை என் கைக்குள்தான் குளிர்ந்தது. அந்தக் குளிர் இன்னும் போகவில்லை.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்ட உடனே ஓடிவந்து சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், கிரியைகளைச் செவ்வனே நடத்திய குருக்களுக்கும், தூர தேசங்களிலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. வேட்டி கட்டிய எங்கள் ஆண்களோடு கறுப்புக் கோட்டில் வந்து பிரேதப் பெட்டியைத் தோளில் சுமந்த கென்னுக்கும் சங்க நண்பர்களுக்கும் தனியாக நன்றி சொல்கிறோம்.

இன்னும் ஒரு விஷயம். அடுத்த மாதம் அதே மண்டபத்தில் கண்காட்சி. அண்ணையின் மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று கென் சொல்லியனுப்பினார். ரயிலை மச்சாள்தான் ஓட்டப்போகிறார். ஒரு வருடத்துத் தலைத்திவசம் முடிய முதல் வெளியே போகலாமோ, தாலி இழந்தவர் ரயிலுக்குப் பொட்டு வைக்கலாமோ என்று இரண்டொருவர் எங்கள் காதில் விழும்படி கேட்டார்கள். மச்சாள் அவர்களுக்குச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"அவர் பொறுத்திருந்து ஓட்டின றெயின். நான் நிப்பாட்ட மாட்டன்."

இதற்குமேலும் கேட்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கலாம். மற்றவர்கள் எல்லாரும் வாருங்கள். ரயிலின் மூக்கில் சந்தனப் பொட்டு இருக்கும். சில்லுகளை மச்சாள் நேற்றே ஒடிக்கொலோன் போட்டுத் துடைத்து வைத்துவிட்டார்.