மிஞ்சிய இடத்தை எண்ணிப் பார்த்தவர்

“ஒரு கணக்குக்கு கரும்பலகையில எவ்வளவு இடம் விடணும்னு எப்படி சார் முடிவு பண்றீங்க?”

பாலிடெக்னிக் ஆசிரியர் அறையில், கணினிப் பாடம் எடுக்க வந்த லோகநாயகி அம்மையார் கணக்கு ஆசிரியரான என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சென்ற வாரம் ஒரு காலையில் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் கங்கம்மா. “சார், நம்ம மேடம் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…” ரிசீவரை வைத்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. கங்கம்மா யார் என்று சொன்னால் லோகநாயகி எப்படிப்பட்டவர் என்பதும் விளங்கிவிடும்.

கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: “கணக்கோட நீளத்தப் பார்க்கிறதில்ல மேடம். சந்தேகத்துக்குள்ள எத்தனை சந்தேகம் முளைக்கும்னு பார்ப்பேன்.” கணக்கின் நடுவே ஒரு சந்தேகம் வந்தால், அதுவரை போட்டதை அப்படியே விட்டுவிட்டு, கீழே சந்தேகத்தைத் தீர்க்கிறோம். அதற்குள் இன்னொன்று வந்தால் அதற்கும் கீழே. தீரத் தீர, கடைசியில் எழுதியதை முதலில் அழித்துக்கொண்டு மேலே வருகிறோம்.

“கம்ப்யூட்டர் மெமரியில இதேதான் சார் ஸ்டாக்!” என்று சிரித்தார்கள்.

சில ஆண்டுகளில் ஆசிரியர் வேலையை விட்டு, மூக்கண்டப்பள்ளியில் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் நிரல் எழுதச் சேர்ந்தார்கள். சனிக்கிழமைகளில் சோதனைக்கு உதவ நானும் போவேன். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் இயந்திரத்துக்கான பெட்டி அது. அதன் நிரலில் ஆறு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். ஒன்று சுற்றுகளை எண்ணும், ஒன்று திரையில் செய்தி காட்டும், இப்படி. ஒவ்வொன்றும் ஒரு திரெட். ஒரே கரும்பலகையை ஆறு ஆசிரியர்களுக்குக் கோடு போட்டுப் பிரித்ததுபோல், நினைவகத்தில் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி ஸ்டாக்.

“எல்லாத்துக்கும் தாராளமா குடுத்துடலாமே?” என்றேன்.

“மொத்தமே முப்பத்திரண்டு கே.பி. சார். ஒருத்தருக்கு அள்ளிக் குடுத்தா இன்னொருத்தர் வயித்துல அடிக்கணும்.”

அதனால் அளந்து பார்த்தார்கள். எல்லா ஸ்டாக்கையும் ஒரே எண்ணால் நிரப்பி, இயந்திரத்தை நாள் முழுக்க ஓட்டி, அந்த எண் எத்தனை இடத்தில் அழியாமல் மிஞ்சியது என்று எண்ணினார்கள். திரை திரெட்டில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. ‘போதும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

இரண்டு மாதத்தில், பெட்டியை வாங்கிய மோட்டார் தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. ஒரே ஒருவருடைய ஷிப்டில் மட்டும் சுருள்களில் சுற்றுகள் குறைகின்றன. அவர்தான் கங்கம்மா, பாகலூர்ப் பக்கத்துக் கிராமம், தற்காலிகத் தொழிலாளி. அந்த வாரத்தோடு அவரை நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. நாங்கள் நேரில் போனோம்.

“மிஷின் எல்லார்கிட்டயும் ஒழுங்கா ஓடுது. இந்தம்மா கை பட்டாத்தான் கோளாறு. நின்னுக்கிட்டே தூங்குது போல,” என்றார் சூப்பர்வைசர்.

“நானேனூ மாடில்லா மேடம்! நான் ஒண்ணும் பண்ணல. கம்பி அறுந்துச்சு, கட்டினேன், ஓட்டினேன். என்னைக் கேக்கறீங்களே, உங்க பொட்டியக் கேளுங்க!” என்றார் கங்கம்மா.

லோகநாயகி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மதியம் கம்பி அறுந்தது. திரையில் செய்தி கன்னடத்தில் வந்தது.

“கன்னடத்துல யாரும்மா வச்சது?”

“நான்தான். தமிழ் பேசுவேன், படிக்க வராது. நாலு மொழிக்கும் மாத்துற பட்டன் நீங்கதானே வச்சீங்க?”

பெட்டியைத் திறந்து எண்ணினோம். திரை திரெட்டின் ஸ்டாக்கில் ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. கன்னடத்தில் ஒரு எழுத்தின் கீழ் இன்னொன்று தொங்கும். சில சமயம் அதன் கீழும் ஒன்று. எழுத்தை வரையும் நிரல்பகுதி, தொங்கும் ஒவ்வொன்றுக்கும் தன்னையே மறுபடி அழைத்தது. சந்தேகத்துக்குள் சந்தேகம். தமிழில் எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் அந்த ஆழம் வரவேயில்லை. கோட்டைத் தாண்டி எழுதியது அடுத்த ஸ்டாக்கில் இருந்ததை அழித்துவிட்டது. அடுத்தது, சுற்றுகளை எண்ணும் திரெட்; அதன் எண்ணிக்கை பிசகியதால்தான் சுற்றுகள் குறைந்தன. திரை சரியாகவே தெரிந்ததால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

“கன்னடத்த எடுத்துடுங்க மேடம், வேலை முடிஞ்சுது,” என்றார் தொழிற்சாலை மேலாளர்.

“கம்பி அறுந்துச்சுன்னு இவங்களுக்கு அப்புறம் யாரு சார் சொல்றது? நீங்க வந்து சொல்வீங்களா?” என்று கேட்ட லோகநாயகி, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்கள்: “தப்பு என்னோடது. எனக்குப் படிக்கத் தெரிஞ்ச மொழியில மட்டும் ஓட்டிப் பார்த்துட்டுப் போதும்னு கையெழுத்துப் போட்டேன். இவங்க மேல ஒண்ணும் இல்ல.”

லோகநாயகியின் கம்பெனி முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். அத்தனை சனிக்கிழமைகளிலும் அந்தப் பட்டனை அழுத்த எனக்கும் தோன்றவில்லை.

தேவைக்கு மேல் கொடுத்திருந்த இரண்டு திரெட்டுகளிலிருந்து இடம் எடுத்துத் திரைக்குக் கொடுத்தார்கள். நான்கு மொழியிலும் ஒவ்வொரு செய்தியையும் வரவைத்து மறுபடி அளந்தார்கள். அதன் பிறகு எந்த அறிக்கையிலும் ‘போதும்’ என்று எழுதியதில்லை. ‘இதுவரை பார்த்ததில் அதிகபட்சம் இவ்வளவு’ என்றே எழுதினார்கள். “இனிமே வரப்போறதுல அதிகம் எதுன்னு எனக்குத் தெரியாதே சார்” என்பார்கள்.

மேடத்தின் இறுதிச் சடங்கு நாளன்று கங்கம்மா தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தார். இப்போது அவர் நிரந்தரத் தொழிலாளி. “ஒரு ஷிப்ட் பூரா என் பக்கத்துல உக்காந்தாங்க சார். அதுக்கு முன்னாடி யாருமே வந்து பார்க்கல,” என்று சொல்லிவிட்டு, தலைமாட்டில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

போய் வாருங்கள், மேடம்.

நிரல் எழுதும் நண்பர்களே, உங்கள் திரெட்டுகளின் ஸ்டாக்குகளை ஒரே எண்ணால் நிரப்பி, நீங்கள் ஒருமுறையும் அழுத்தாத பட்டனை அழுத்தி ஓட்டிவிட்டு, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.