தவிட்டைக் கழுவாதீர்கள்

“எல்லாரும் சட்டி பானைய தூக்கிட்டு வர்றாங்க. ஒம் மக என்னமோ காகிதத்த தூக்கிட்டு வருதுலா! அத அவிச்சா குடிக்கப் போறீங்க?”

பக்கத்து வீட்டு மங்கம்மா அத்தை என் அம்மாவைப் பார்த்து அப்படிக் கேட்ட நாளில், மலாயாவில் குருணுக்கு அருகில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் முழுக்க ரப்பர் எரியும் நாற்றம் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. படையெடுத்து வந்த ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரத் துரை ரப்பர் ஸ்டோருக்குத் தீ வைத்துவிட்டுத் தெற்கே ஓடிவிட்டார். தோட்டத்து மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்ட டிரஸரும் குடும்பத்தோடு கிளம்பிவிட, திறந்து கிடந்த அவர் வீட்டுக்குள் எங்கள் வரிசை வீடுகளான லயத்துச் சனம் மொத்தமும் புகுந்து கட்டில், குண்டான், கொசுவலை என்று கைக்கு அகப்பட்டதைச் சுமந்து வந்தது. அத்தைக்குக் கிடைத்தது ஒரு பித்தளை அண்டா. பதினோரு வயதான எனக்குக் கிடைத்தது அட்டை கிழிந்த ஒரு தமிழ்ப் புத்தகம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளியில் நான்கு வகுப்புதான். ஆனாலும் அம்மாவும் அப்பாவும் பெருவிரலில் மை தடவிச் சம்பளம் வாங்கிய வீட்டில், நான் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன் என்பது சின்ன விஷயமில்லை. அன்றும் அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

உடம்பைப் பேணுவது, பணத்தைப் பேணுவது, அன்றாட வாழ்க்கையை ஒழுங்காக நடத்துவது என்று அந்தப் புத்தகம் மூன்று பாகமாக இருந்தது. பணத்தைப் பற்றிய பாகம் எங்களுக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டைக் கூடை நிறைய வைத்திருந்தாலும் ஒரு முழத் துணி வாங்க முடியாத காலம் அது. எனவே பணத்தைச் சேமிக்கச் சொன்ன இடத்திலெல்லாம் உப்பு என்று மாற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவும் ஒவ்வொரு வேளையும் ஒரு சிட்டிகை உப்பை ஒரு தகரப் “பேணி”யில் ஒதுக்கி வைத்தாள். மழைக்காலத்தில் லயத்தில் உப்பு இருந்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான்.

அதன்பின் ஜப்பான்காரர்கள் அப்பாவை எல்லை தாண்டிச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரிசி மறைந்தது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மதியம் அதே கிழங்கு, பொழுது சாய்ந்தால் கிழங்கு மாவு ரொட்டி என்று மாதங்கள் ஓட, ஒருநாள் அம்மாவின் கால்கள் வீங்கின. கெண்டைக்காலில் விரலால் அழுத்தினால் விழுந்த குழி, அப்படியே நின்றது. இதேபோல் கால் வீங்கிய இரண்டு பெண்களை அந்த வருஷம்தான் எங்கள் லயத்திலிருந்து பிணமாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் போய்விட்டால் எனக்கு யார் என்ற பயத்தில், உடம்பைப் பற்றிய பாகத்தை முதல் பக்கத்திலிருந்து தேடினேன். கால் வீக்கம், மரத்துப்போதல், மூச்சு வாங்குதல் எல்லாம் அங்கே இருந்தன. கூடவே மருந்தும் இருந்தது: நெல் தவிடு.

மறுநாளே வயல் ஓரத்து நெல் மில்லுக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நடந்தேன். நெல்லை ஜப்பான்காரன் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனாலும் தவிட்டை அவன் சீண்டவில்லை. மில்காரரின் மனைவியான மலாய்க்கார அம்மா, வாத்துக்கா என்று மலாயில் கேட்டார். என் அம்மாவுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை, வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்கில் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

சிரித்தது எங்கள் லயம்தான். “ஆத்தாளுக்கு மாட்டுத் தீனி போடுறா பாரு! நாளைக்குப் புல்லும் அறுத்துட்டு வருவா,” என்றாள் மங்கம்மா அத்தை. அம்மாவுக்கே கூச்சம் தாங்கவில்லை. “மாடு திங்கிறதத்தான் குடுக்கப் போற. நல்லா அலசியாச்சும் குடு தாயி,” என்றாள். மாட்டுத் தொட்டிக்குப் போகவேண்டியது மனுஷர் வாய்க்குள் போகும்முன் சுத்தமாக வேண்டாமா? நானும் மூன்று தண்ணீர் விட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசி, மிச்சத்தைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தேன்.

எட்டு நாள் கொடுத்தேன். வீக்கம் வற்றவில்லை, முழங்காலுக்கு ஏறியது.

“போதும்டி. அவள நிம்மதியா விடு,” என்றாள் அத்தை. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை என்பதுதான் என்னை மிரட்டியது. புத்தகத்தைச் சுவரோரம் வீசினேன். விழுந்து விரிந்த இடத்தில் இரண்டு தாள்கள் பழைய மழைநீரில் ஒட்டி ஒரே தாளாகக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். கிழங்கு கொதித்த சட்டியின் ஆவியில் அதைப் பிடித்து, நகத்தால் மெல்லப் பிரித்தேன். உள்ளே இருந்தது தவிட்டைப் பற்றிய மிச்சச் செய்தி. தவிட்டைக் கழுவக்கூடாது, அதன் சத்து தண்ணீரோடு போய்விடும்.

எட்டு நாளும் நான் மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சக்கையை அம்மாவுக்கு ஊட்டியிருக்கிறேன்!

மறுபடியும் மில்லுக்கு ஓடினேன். இந்த முறை தவிட்டைக் கழுவாமல் சலித்து, லேசாக வறுத்து, நீப்பாப் பனை வெல்லம் சேர்த்துப் பிசைந்து கொடுத்தேன். பத்தாம் நாள் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. அதற்கடுத்த வாரம் அம்மா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாய் இருந்த “பைப்படி”க்கு நடந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மா தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல், வேண்டுமென்றே லயத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் மங்கம்மா அத்தை எங்கள் வாசலில் நின்று சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். “எங் காலையும் பாரு. நீ பாக்காத, ஒம் புத்தகத்துல பாரு. நானும் ஒளிச்சு வச்சு அலசித்தான் குடிச்சேன். அத ஏன்டி அப்பவே சொல்லல, அலசக்கூடாதுன்னு?”

அன்று முதல் எங்கள் லயத்தில் கால் வீங்கி ஒருவரும் சாகவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய அப்பாவுக்கு முதல் கவளம் ஊட்டியது, செத்திருப்பாள் என்று அவர் நினைத்திருந்த என் அம்மா.

அன்று ரப்பரை வெட்டி மரவள்ளி நட்ட மேட்டில் இன்று மறுபடியும் ரப்பர் நிற்கிறது. வாழைமர நோட்டைக் குழந்தைகள் காற்றாடிக்கு வாலாக ஒட்டுகிறார்கள். அந்தப் புத்தகமும் என்னிடம் இல்லை. அதன் தையலை நானே அறுத்து, எந்த வீட்டுக்கு எது வேண்டுமோ அந்தப் பக்கத்தை, கிழங்குப் பசை தடவி அவரவர் அடுப்படிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தேன். புகை படிந்து எல்லாம் கருத்துவிட்டன. எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுப்படி வரைக்கும் வரக்கூடிய புத்தகமாக வாங்குங்கள், ஒட்டியிருக்கும் தாளையும் பிரித்துப் படியுங்கள்.

அப்படி ஒன்றை எங்கள் தோட்டத்து மக்களுக்காக நானே எழுதி முடித்துவிட்டேன். போன வாரம் ரயிலேறிப் போய், பினாங்கில் ஓர் அச்சுக்கூடத்தில் கொடுத்தும் வந்துவிட்டேன். முதல் பாடம் தவிடு. கிளம்பும்போது மங்கம்மா அத்தை ஸ்டேஷன்வரை கூடவே வந்து, ரயில் நகர்ந்த பிறகு கத்தினாள்:

“எழுத்த பெருசா போடச் சொல்லுடி! எனக்கு இப்பதான் கூட்டிப் படிக்க வருது!”

பெரிய எழுத்தில்தான் அச்சுக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள்.