ஞாயிற்றுக்கிழமை சமபந்தி

சாதியை ஒழிக்க எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நம்பியிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் குமாஸ்தா வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ், கல்யாணம் ஆகவில்லை. அதனால் உலக சரித்திரம் படித்தேன். அமெரிக்காவில் அடிமைகள் விடுதலையானதும் இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுரிமை வாங்கியதும் எனக்கு அத்துப்படி. பக்கத்திலிருக்கும் முத்தாண்டிக்குப்பத்தில் என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது.

எங்கள் வாசகர் மன்றத்தின் சார்பில் சமபந்தி விருந்து ஏற்பாடு செய்தேன். வருவதாகச் சொன்னவர்கள் எல்லாம் எங்களைப் போன்றவர்களே. சமமாக உட்காரவைக்க ஆள் வேண்டாமா? எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சாக்கடை வெட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளியைக் கூப்பிட்டேன்.

"வேணாம் சார். பர்மனென்ட்டுக்குப் பேரு எழுதறாங்க. எழுதறது எங்க ஊரு மேஸ்திரி. அவரு பாக்க நான் சரிக்குச் சரி உக்காந்துகினு துன்னா நல்லாருக்குமா?"

இவர் குடும்பம் தலைமுறையாகக் கூலி வேலை செய்தது மேஸ்திரி குடும்பத்தின் நிலத்தில். நிலம் சுரங்கத்துக்குள் போயிற்று. நிலத்துக்காரர் மேஸ்திரியானார், இவர் மறுபடி அவருக்கே கூலியானார். பூமியைப் புரட்டிய ராட்சச இயந்திரத்தால் இதைப் புரட்ட முடியவில்லை.

"அவரையும் கூப்பிட்டிருக்கேன். உங்களுக்குப் பக்கத்து இலை" என்றேன், பெருமையாக.

மறுக்கத் தெரியாமல் சலவைச் சட்டையில் வந்தார். சாம்பார் ஆறும்வரை பேசினேன். மேஸ்திரி சிரித்த முகமாக, "இவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்றார். இவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பட்டியல் வந்தது. இவர் பெயர் இல்லை. மேஸ்திரியிடம் ஓடினேன்.

"நான் என்னங்க பண்ணேன்? எல்லாரும் சமம்னு நீங்கதான சொன்னீங்க? எனக்குச் சமமானவருக்கு நான் யாருங்க பேரு எழுத?"

அதிகாரியைப் பார்த்தேன். அது கான்ட்ராக்ட் விஷயம் என்று கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அடுத்த வாரம் சாக்கடை வேலையும் இவருக்கு இல்லை. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் இறக்குகிறார் என்று கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்கப் பஸ் ஏறிப் போனேன். அதற்கும் ஒரு பேச்சுத் தயாரித்திருந்தேன். தலைச்சுமையோடு நின்று முழுக்கக் கேட்டார்.

"வுடுங்க சார், உங்க மேல கோவமில்ல. அடுத்த தபா எங்களுக்கு எதுனா நல்லது பண்றதா இருந்தா, எங்கள வுட்டுட்டுப் பண்ணுங்க" என்றார்.